கினீசியாலஜி படிக்கலாமா? சேரும் முன் யோசிக்க வேண்டியவை

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் பிளஸ் ஒன், பயோ-மேத்ஸ் குரூப். பள்ளி வாலிபால் அணியில் ஆடுகிறாள். கனடாவில் இருக்கும் தாய்மாமன், "கினீசியாலஜின்னு நாலு வருஷ டிகிரி இருக்கு, பிசியோதெரபி மாதிரிதான், பிளஸ் டூ முடிஞ்சதும் இங்க வரட்டும்" என்கிறார். அது என்ன படிப்பு, இங்கேயே படிக்க வழி உண்டா, எப்படிப் படிக்க வேண்டும், முடித்தால் என்ன வேலை என்பது கேள்வி.

"பிசியோதெரபி மாதிரிதான்" என்ற சொல்லிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் பல குடும்பங்கள் பணத்தையும் வருஷத்தையும் இழப்பது அந்த இடத்தில்தான். இரண்டு படிப்பிலும் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்கள் பெரும்பாலும் ஒத்துப்போகும்: அனாடமி (உடலமைப்பு), பிசியாலஜி (உடலியங்கியல்), பயோமெக்கானிக்ஸ் (அசைவின் விசைக் கணக்கு). பட்டம் வாங்கிய மறுநாள்தான் வித்தியாசம் தெரியும். பி.பி.டி. என்ற பிசியோதெரபி இளநிலைப் பட்டம் முடித்துப் பதிவு செய்தவர் நோயாளிக்குச் சிகிச்சை தரலாம். கினீசியாலஜி பட்டம் மட்டும் வைத்திருப்பவர் இந்தியாவிலும் சரி, கனடாவிலும் சரி, பிசியோதெரபிஸ்ட் என்று பெயர்ப்பலகை வைக்க முடியாது. ஒன்று அசைவைப் பற்றிய அறிவு, மற்றது அந்த அறிவோடு சேர்த்துக் கிடைக்கும் தொழில் உரிமை. பக்கவாதம் வந்தவரை நடக்க வைக்க வேண்டும், ஆபரேஷன் செய்த முட்டை (முழங்காலை) மடக்கிப் பழக்க வேண்டும் என்பது உங்கள் மகளின் ஆசை என்றால் பி.பி.டி.தான் நேர் வழி. விளையாட்டு வீரரின் தாவலைக் கூட்டுவது, தொழிலாளியின் முதுகைக் காப்பாற்றுவது, வயதானவர் விழாமல் நடப்பதை ஆராய்வது போன்றவற்றில் மனம் போகிறது என்றால் கினீசியாலஜி பொருந்தும். இதை அவளே சொல்ல வேண்டும். அவள் சொல்லும்வரை விண்ணப்பம் எதையும் தொட வேண்டாம்.

கினேசிஸ் என்றால் கிரேக்கத்தில் அசைவு. உடல் எப்படி அசைகிறது, எது அசைக்கிறது, எது தடுக்கிறது, அசைவை மூளை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதுதான் பாடம். வெளிநாட்டில் நாலு வருஷப் பட்டமாகப் படிக்கும்போது முதல் ஆண்டில் அனாடமி, பிசியாலஜி, உளவியல் வரும். இரண்டாம் ஆண்டில் பயோமெக்கானிக்ஸ், உடற்பயிற்சி உடலியங்கியல், மூளை அசைவைக் கட்டுப்படுத்தும் விதம். அதோடு புள்ளியியலும் வரும், மாணவர்கள் அதிகம் பயப்படுவது அதைக் கண்டுதான். கடைசி இரண்டு ஆண்டும் ஆய்வகம், களப்பயிற்சி, விருப்பப் பாடங்கள் என்று போகும்.

இந்தியாவில் அந்தப் பெயரிலேயே இளநிலைப் பட்டம் தேடினால் ஏமாற்றம்தான். இங்கே கினீசியாலஜி வேறு பட்டங்களுக்குள் ஒரு தாளாக இருக்கிறது. பி.பி.டி.யில் பயோமெக்கானிக்ஸோடு சேர்ந்து வரும். பி.பி.எட்., பி.பி.இ.எஸ். போன்ற உடற்கல்விப் படிப்புகளிலும் வரும். முழுப் பட்டமாக அதற்கு மிக அருகில் வருவது விளையாட்டு, உடற்பயிற்சி அறிவியலில் தரப்படும் பி.எஸ்சி. சென்னை போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் அப்படி ஒன்றை நடத்துகிறது. சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. குமரி மாவட்டத்துக்காரர்கள் தவறவிடும் இடம் இன்னொன்று உண்டு: திருவனந்தபுரம் காரியவட்டத்தில் உள்ள லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி. இந்திய விளையாட்டு ஆணையத்தின் கீழ் 1985 முதல் நடக்கிறது. மார்த்தாண்டத்துக்குச் சென்னையைவிட எவ்வளவோ பக்கம். அங்கே சேர மதிப்பெண் மட்டும் போதாது, உடல்தகுதித் தேர்வும் உண்டு. ஆகவே வாலிபால் ஆடும் பெண்ணுக்கு அது சாதகம்.

பி.பி.டி. பக்கம் போனால் இப்போது விதிகள் மாறும் காலம். 2021ல் வந்த தேசியச் சட்டம் பிசியோதெரபி உள்ளிட்ட தொழில்களுக்குப் பொது ஆணையம் ஒன்றை அமைத்தது. நாலரை ஆண்டாக இருந்த படிப்பு, புதிய பாடத்திட்டத்தில் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியோடு ஐந்து ஆண்டு. சேர்க்கை முறையும் இதோடு சேர்ந்து மாறலாம் என்பதால், போன வருஷம் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கேட்டு முடிவு செய்யாமல், சேரப்போகும் ஆண்டின் சேர்க்கைக் கையேட்டை வாங்கிப் படியுங்கள். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள். கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கிறது, அந்த இணைப்பு இந்த ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டதா? டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டியலிலோ, சம்பந்தப்பட்ட பல்கலைக்கழகத்தின் பட்டியலிலோ பெயர் இருக்கிறதா? மாணவர்கள் பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்குப் போகிறார்கள், அங்கே தினமும் எத்தனை நோயாளிகள் வருகிறார்கள்? கட்டடம் பளபளவென்று இருந்து நோயாளி இல்லாத கல்லூரியில் படித்தவர் பட்டத்தோடு வெளியே வருவார், கை பழகியிருக்காது.

இனி படிப்புக்குள் வருவோம். கினீசியாலஜியில் முதலில் தடுக்கி விழும் இடம் அனாடமி. உடலில் 206 எலும்பு, அறுநூறுக்கும் மேல் தசை. ஒவ்வொரு தசைக்கும் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, என்ன செய்கிறது, எந்த நரம்பு என்று நாலு கட்டம் போட்டு மனப்பாடம் செய்வார்கள். ஒரு மாதத்தில் மறந்துபோகும். எலும்பிலிருந்து தொடங்குவதே நிற்கும் வழி. தொடை எலும்பின் மேல்முனையில் வெளிப்பக்கம் துருத்தும் புடைப்பை உங்கள் இடுப்பிலேயே தொட்டுப் பாருங்கள். கையை அங்கே வைத்தபடி ஒற்றைக்காலில் நின்றால் அதற்குச் சற்று மேலே ஒரு தசை இறுகுவது விரலுக்குத் தெரியும். அதுதான் குளூட்டியஸ் மீடியஸ். அது பலவீனமானவர் அந்தக் காலில் நிற்கும்போது எதிர்ப்பக்க இடுப்பு கீழே சரியும். விரலில் உணர்ந்த தசைக்குப் பெயர் ஒட்டிக்கொள்ளும். தோழியின் கையில் சாக்பீஸால் தசையை வரைந்து, அதை இறுக்கச் சொல்லிப் பார்ப்பது நூறு முறை எழுதிப் பார்ப்பதைவிட மேல்.

அடுத்த தடுக்கல் இது, தேர்வில் ஆண்டுதோறும் பலர் விழும் இடம். நாற்காலியில் மெதுவாக உட்காருங்கள். முட்டு மடங்குகிறது. முட்டை மடக்கும் தசை ஹாம்ஸ்ட்ரிங் என்று புத்தகம் சொல்கிறது. ஆகவே உட்காரும்போது ஹாம்ஸ்ட்ரிங் வேலை செய்கிறது என்று எழுதுவார்கள். தவறு. முட்டை மடக்குவது உடல் எடை. தொப்பென்று விழாமல் பிடித்து இறக்குவது முன்தொடையின் குவாட்ரிசெப்ஸ். அது நீண்டுகொண்டே இறுகுகிறது. இந்த வகை இறுக்கத்தைப் புரிந்துகொண்டவருக்குப் பாதி கினீசியாலஜி கைக்கு வந்துவிட்டது. மருந்துவாழ்மலை ஏறி இறங்கியவர்களைக் கேளுங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும். மறுநாள் தொடை வலித்துப் படி இறங்க முடியாமல் செய்வது மலையிலிருந்து இறங்கியதுதான், ஏறியதல்ல. நீண்டபடி இறுகிய தசையில் நுண்ணிய சேதம் அதிகம், வலி 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வரும். ஆகவே எந்த அசைவைப் பார்த்தாலும் முதல் கேள்வி "எந்த மூட்டு மடங்குகிறது" என்பதாக இருக்கக்கூடாது. "புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது, அதை யார் தடுக்கிறார்" என்பதாக இருக்க வேண்டும்.

பிசிக்ஸ் பிடிக்காது என்று பயாலஜிக்கு வந்தவர்கள் பயோமெக்கானிக்ஸில் திணறுவார்கள். இங்கே வேண்டிய கணக்கு பெரியது இல்லை, நெம்புகோல் தெரிந்தால் போதும். குலசேகரம் பக்கத்தில் விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டுகிறவரை எடுத்துக்கொள்வோம். ரப்பர் மரத்தில் வெட்டு தொடங்கும்போது ஏறத்தாழ நெஞ்சு உயரத்தில் இருக்கும். பட்டை செலவாகச் செலவாக வெட்டு கீழே இறங்கும். அந்தப் பக்கத்துப் பட்டை தீரும்வரை வெட்டுகிறவர் குனியும் அளவும் கூடிக்கொண்டே போகும் என்பது இதன் பொருள். இடுப்புக்கு மேலே உள்ள உடம்பின் எடை 35 கிலோ என்று வைத்துக்கொள்வோம். லேசாகக் குனியும்போது அந்த எடையின் மையம் கீழ்முதுகின் மூட்டிலிருந்து 20 செ.மீ. முன்னால் போகிறது. முதுகை நிமிர்த்தும் தசை அதே மூட்டுக்குப் பின்னால் சுமார் 5 செ.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. 35 கிலோவை 20ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் 140. அந்தத் தசை 140 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுத்தால்தான் அவர் விழாமல் நிற்பார். இன்னும் குனிந்து மையம் 30 செ.மீ. முன்னால் போனால் 210 கிலோ. கையில் எதையும் தூக்கவில்லை, கத்தி ஒன்றுதான். இப்படி ஒரு காலையில் முந்நூறு மரம் என்றால் முன்னூறு முறை. முதுகுத்தண்டின் தட்டுகளுக்கு வரும் அழுத்தம் இந்தத் தசை விசையும் உடல் எடையும் சேர்ந்தது.

இந்தக் கணக்கைப் போட்டவருக்குத் தீர்வும் அதிலேயே தெரியும். மையத்தை மூட்டுக்குக் கிட்டே கொண்டுவர வேண்டும். தாழ்ந்த வெட்டுக்கு முதுகை வளைக்காமல் ஒரு காலை முன்னே வைத்து முட்டை மடக்கி இறங்கினால் முன்னால் போகும் தூரம் குறையும். சரி, எல்லாரும் அப்படியே செய்யலாமே என்றால் அங்கேதான் அடுத்த பாடம்: முதுகுக்கு மிச்சமாகும் சுமையைத் தொடையும் முட்டும் வாங்குகின்றன. முட்டுத் தேய்மானம் உள்ள ஐம்பத்தைந்து வயதுக்காரரிடம் போய் "முட்டை மடக்கு" என்று சொன்னால் அவர் இரண்டு நாளில் விட்டுவிடுவார். ஒரு மூட்டின் சுமை எந்த மூட்டுக்குப் போகிறது என்று பார்க்காமல் ஆலோசனை சொல்வது இந்தத் துறையில் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. இதே கண்ணோடு அண்டியாபீஸில் (முந்திரி ஆலையில்) குத்தவைத்திருந்து கொட்டை உடைக்கும் பெண்களின் முழங்காலையும், கரையில் வலை இழுப்பவர்களின் தோளையும், வாழைக்குலையைத் தோளில் ஏற்றுபவரின் கழுத்தையும் பார்க்கலாம். பாடத்துக்கு இவ்வளவு உதாரணம் சுற்றிலும் கிடக்கும் மாவட்டம் இது.

ஆய்வகம் என்றதும் விசைத்தட்டு, தசை மின்பதிவு என்று லட்சங்களில் விலை சொல்வார்கள். அடிப்படை அளவுகளுக்கு அவை வேண்டாம். கோனியோமீட்டர் என்ற பிளாஸ்டிக் கோணமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதை வைத்து முட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளப்பதை உங்கள் மகள் இப்போதே பழகலாம். அளக்கப்படுபவர் மல்லாந்து படுக்க வேண்டும். கோணமானியின் நடு ஆணி முட்டின் வெளிப்பக்கம், தொடை எலும்பின் கீழ்ப்புடைப்பின் மேல். அசையாத கை, இடுப்பின் பக்கவாட்டில் இருக்கும் பெரிய புடைப்பை நோக்கி. அசையும் கை, வெளிக்கரண்டை எலும்பை நோக்கி. குதிகாலைத் தரையோடு இழுத்து மடக்கச் சொல்லி, மடங்கி முடிந்த இடத்தில் படிக்க வேண்டும். ஆரோக்கியமான முட்டு சுமார் 135 டிகிரி மடங்கும்.

இதில் பிழை எங்கே வரும் என்றால், பேன்ட்டுக்கு மேலே வைத்து அளப்பது ஒன்று. முட்டு மடங்க மடங்க நடு ஆணி நழுவுவதைக் கவனிக்காமல் விடுவது இன்னொன்று. கோணமானியில் இரண்டு அளவுகோல் இருப்பதால் 135க்குப் பதில் 45 என்று எழுதிவைப்பவர்களும் உண்டு. இவையெல்லாம் கவனக்குறைவு. இவற்றைவிட நுட்பமான பிழை ஒன்று: அதே ஆளைக் குப்புறப் படுக்கவைத்து அளந்தால் முட்டு பலருக்குக் குறைவாக மடங்கும். முட்டு மாறவில்லை. முன்தொடையில் உள்ள ரெக்டஸ் ஃபெமோரிஸ் என்ற தசை இடுப்பையும் முட்டையும் சேர்த்துக் கடக்கிறது. குப்புறப் படுக்கும்போது இடுப்பு நிமிர்ந்திருப்பதால் அது மேலே ஏற்கெனவே இழுபட்டிருக்கும், கீழே மடங்க இடம் தராது. ஆகவே எண்ணோடு எந்த நிலையில் அளந்தோம் என்பதையும் எழுதாவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. மூன்று முறை அளக்க வேண்டும். 5 டிகிரிக்குள் வரும் வித்தியாசத்தை முன்னேற்றம் என்று கொண்டாடக் கூடாது, அது கையின் தடுமாற்றமாகவே இருக்கலாம்.

வாலிபால் ஆடுகிறவளுக்கு இன்னொரு பயிற்சி இன்னும் பிடிக்கும். நின்ற இடத்திலிருந்து எம்பிக் குதிக்கும் உயரத்தைப் போன் கேமராவால் அளக்கலாம். பாதம் தரையை விட்ட பிரேமிலிருந்து மறுபடி தொட்ட பிரேம் வரை எண்ணி, நொடியாக மாற்ற வேண்டும். அந்த நேரத்தின் வர்க்கத்தை 9.8ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் மீட்டரில் உயரம். அரை நொடி காற்றில் இருந்தால் 30.6 செ.மீ. சாதாரண வீடியோ நொடிக்கு 30 பிரேம். அதில் ஒரு பிரேம் தவறினாலே விடை 4 செ.மீ. அளவுக்கு மாறிவிடும். ஸ்லோமோஷனில் 240 பிரேம் வைத்தால் ஒரு பிரேம் பிழைக்கு அரை செ.மீ.தான். போனைத் தரையோடு ஒட்டி, பாதம் தெளிவாகத் தெரியும்படி அசையாமல் நிறுத்த வேண்டும். இறங்கும்போது முட்டை மடக்கிக்கொண்டு இறங்கினால் பாதம் தாமதமாகத் தரையைத் தொடும், உயரம் பொய்யாகக் கூடும். எம்பிய மாதிரியே கால் நீட்டி முன்பாதத்தில் இறங்கி, பிறகு மடக்கச் சொல்லுங்கள். மணலில் இதைச் செய்யக் கூடாது, தொட்ட நொடி எது என்று தெரியாது. நடையையோ சர்வீஸையோ படமெடுத்துக் கோணம் பார்க்க கினோவியா என்ற மென்பொருள் இலவசம், சாதாரண விண்டோஸ் லேப்டாப் போதும். கேமரா ஆடுபவருக்குச் செங்குத்தாக, நாலைந்து மீட்டர் தள்ளி, இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். ஆள் சாய்வாகக் கடந்தால் கோணங்கள் எல்லாமே தப்பு.

உடலியங்கியல் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இதயத்துடிப்பின் உச்சம் 220லிருந்து வயதைக் கழித்தது என்ற சூத்திரத்தை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அது சராசரி மட்டும். ஒரே வயதுக்காரர்களிடையே பத்துப் பன்னிரண்டு துடிப்பு மேலோ கீழோ இருப்பது சகஜம். தனி ஒருவருக்கு அதை வைத்துப் பயிற்சி விதிக்கக் கூடாது. ஒலிப்பதிவின் ஓசைக்கு ஏற்ப 20 மீட்டர் தூரத்தை மாறி மாறி ஓடும் தேர்வை நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கம் போன்ற சமதளத்தில் நாடாவால் அளந்து செய்யலாம். மணிக்கு 8.5 கி.மீ. வேகத்தில் தொடங்கி ஒவ்வொரு நிமிடமும் அரை கி.மீ. கூடும். ஒலிப்பதிவு சரியான வேகத்தில் ஓடுகிறதா என்று முதலில் கடிகாரம் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் இந்தப் படிப்பைப் பேசினால் வர்ம வைத்தியமும் அடிமுறை என்ற தற்காப்புக் கலையும் கூடவே வரும், வரவும் வேண்டும். வர்ம ஆசான்களின் விரலுக்கு இருக்கும் தொடு உணர்வும், அடிமுறைக்காரர்கள் எடையைக் காலிலிருந்து காலுக்கு மாற்றும் லாகவமும் கவனித்துப் படிக்க வேண்டியவை. ஆனால் வர்மத்தின் புள்ளிகளையும் அனாடமியின் நரம்புகளையும் ஒன்றுக்கொன்று நேர் மொழிபெயர்ப்பாக எழுதாதீர்கள், இரண்டும் வேறு வேறு கணக்கு. அதைவிட முக்கியமானது: பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுந்தவரின் கழுத்தையும் முதுகையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும்வரை யாரும் திருப்பவோ இழுக்கவோ கூடாது. கினீசியாலஜி மாணவரும் கூடாது.

இன்னொரு பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். அப்ளைடு கினீசியாலஜி என்ற பெயரில் சில நாள் வகுப்புகள் விற்கப்படுகின்றன. கையை நீட்டச் சொல்லி அழுத்திப் பார்த்து, எந்த உணவு ஒவ்வாது, எந்த உறுப்பு பலவீனம் என்று சொல்லும் முறை அது. 1964ல் அமெரிக்க கைரோபிராக்டர் (முதுகெலும்பைக் கையால் சரிசெய்பவர்) ஒருவர் தொடங்கியது. பல்கலைக்கழகக் கினீசியாலஜிக்கும் அதற்கும் பெயர் ஒற்றுமை மட்டும்தான். அந்தச் சான்றிதழை எந்தப் பல்கலைக்கழகச் சேர்க்கையும் கணக்கில் எடுக்காது.

இனி கனடா. ஒன்டாரியோ மாகாணத்தில் கினீசியாலஜிஸ்ட் என்பது சட்டப்படி பதிவு பெற்ற தொழில். 2007ல் சட்டம் வந்து, பதிவு அமைப்பு 2013 ஏப்ரலில் செயல்படத் தொடங்கியது. பட்டத்துக்குப் பிறகு தேர்வு எழுதித் தேறினால்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். காயம்பட்ட தொழிலாளிகளுக்கு உடற்பயிற்சித் திட்டம், பணியிட மதிப்பீடு, முதியோர் உடற்பயிற்சி என்று வேலை இருக்கிறது. அங்கே பிசியோதெரபிஸ்ட் ஆவதற்குக் கினீசியாலஜிக்கு மேல் முதுநிலைப் பட்டம் வேண்டும். அந்த இடங்கள் குறைவு, போட்டி கடுமை. பல பல்கலைக்கழகங்கள் அவற்றைக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பு பெற்றவர்களுக்கும் மட்டுமே தருகின்றன. மாணவர் விசாவில் போய் நாலு வருஷம் கினீசியாலஜி படித்துவிட்டு அப்படியே பிசியோதெரபிக்குள் நுழையலாம் என்ற எண்ணம் அங்கேதான் உடைகிறது. திரும்பி வந்தால் இங்கேயும் பிசியோதெரபிஸ்ட்டாகப் பதிய முடியாது. மாமனிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "நாலு வருஷம் முடிஞ்ச அன்னிக்கு அவ கையில என்ன உரிமம் இருக்கும்?"

செலவையும் மறைக்காமல் பேச வேண்டும். படிப்பு அனுமதிக்குக் கல்விக் கட்டணமும் பயணச் செலவும் போக, முதல் ஆண்டு வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகை 2024 ஜனவரியில் 20,635 கனடா டாலர் ஆனது, அதன்பின் இன்னும் கூடியது. வெளிநாட்டு மாணவர்களுக்கான கட்டணம் இதைவிடப் பெரிது. நிலத்தை அடகு வைத்து அனுப்பும் முடிவு என்றால், அந்தப் பட்டத்தோடு வேலைக்குப் போனவர்கள் இரண்டு மூன்று பேரிடமாவது நேரடியாகப் பேசிவிட்டு எடுங்கள்.

எதிர்த்திசையில் ஒரு வழி உண்டு, எனக்குப் பெரும்பாலான குடும்பங்களுக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது. இங்கே பி.பி.டி. முடித்து ஓரிரண்டு வருஷம் நோயாளிகளோடு வேலை செய்துவிட்டு, விளையாட்டு பிசியோதெரபியில் எம்.பி.டி. என்ற முதுநிலைப் பட்டமோ வெளிநாட்டில் பயோமெக்கானிக்ஸ் முதுநிலையோ படிப்பது. கையில் ஒரு தொழில் இருக்கும், அறிவும் விரியும். கனடாவில் பிசியோதெரபிஸ்ட்டாக வேண்டுமென்றால் இந்தியப் பட்டத்தை அங்கத்திய ஒழுங்குமுறைக் கூட்டமைப்பு மதிப்பிட்டு, பிறகு தேர்வு வைக்கும். அமெரிக்காவிலும் பட்ட மதிப்பீடும் தேசியத் தேர்வும் உண்டு. இந்த மதிப்பீட்டில் நம்மவர்கள் மாட்டிக்கொள்வது காகிதத்தில்தான். எந்தப் பாடம் எத்தனை மணி நேரம் நடத்தப்பட்டது, எந்த வார்டில் எத்தனை மணி நேரம் பயிற்சி என்று கேட்பார்கள். படித்து முடித்துப் பத்து வருஷம் கழித்துக் கல்லூரிக்குப் போய் அதைத் தேடினால் பழைய பாடத்திட்டம் கிடைக்காது. கடைசி ஆண்டிலேயே முழுப் பாடத்திட்டத்தையும் கையொப்பமிட்ட பயிற்சிக் குறிப்பேட்டையும் சான்றொப்பத்தோடு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று வருஷ பி.எஸ்சி. எடுப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: வெளிநாட்டு முதுநிலைப் படிப்புகள் சில நாலு வருஷ இளநிலைப் பட்டத்தைக் கேட்கும்.

இந்தியாவில் உடற்கல்வி, விளையாட்டு அறிவியல் வழி போகிறவர்களுக்குப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் பணி, பயிற்சியாளர் பணி, அணிகளில் உடல்திறன் பயிற்சியாளர் பணி என்று வழிகள் உண்டு. அரசுப் பள்ளிப் பணிக்கு பி.பி.எட். தேவைப்படும். பயிற்சியாளராக விரும்புகிறவர்களுக்குப் பாட்டியாலாவில் உள்ள நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோவுக்கு நாடு முழுதும் மதிப்பு இருக்கிறது. தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது என்பதை இப்போதே தெரிந்துகொண்டு வருவது நல்லது.

உங்கள் மகள் பிளஸ் ஒன்னில் இருப்பதால் காலம் கையில் இருக்கிறது. பயோ-மேத்ஸ் குரூப்பை விடாமல் தொடரட்டும், அது எந்தக் கதவையும் மூடாது. பிசிக்ஸில் விசை, திருப்புத்திறன், நிறை மையம் ஆகிய பாடங்களை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்காமல் தன் உடம்பில் வைத்துப் பார்க்கட்டும். கோடை விடுமுறையில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தனியார் மருத்துவமனை ஒன்றிலோ பிசியோதெரபிப் பிரிவில் அனுமதி கேட்டு நாலைந்து நாள் ஓரமாக நின்று பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த வாரம் ஒரு நல்ல பயிற்சியாளரோடு மைதானத்தில் நிற்கட்டும். எந்த இடத்தில் நேரம் போனது தெரியாமல் நின்றாள் என்று அவளிடமே கேளுங்கள். மைதானம்தான் என்றால், ஒன்டாரியோ பல்கலைக்கழகங்களில் செப்டம்பரில் தொடங்கும் வகுப்புகளுக்கு அந்த ஆண்டு ஜனவரி நடுவிலேயே விண்ணப்பங்கள் குவிந்துவிடும் என்பதால், பிளஸ் டூ அரையாண்டுக்குள் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வை எழுதி முடித்திருக்க வேண்டும். காரியவட்டத்துக்கு என்றால் தினமும் ஓட்டமும் உடல்தகுதிப் பயிற்சியும் இப்போதே தொடங்க வேண்டும். நோயாளிகள் பக்கம்தான் என்றால் பிளஸ் டூ பயாலஜி, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மதிப்பெண்ணைக் கூட்டுவதோடு நீட் தேர்வுக்கும் விண்ணப்பித்து எழுதி வைக்கட்டும். சேர்க்கை விதி எந்தப் பக்கம் மாறினாலும் அந்த மதிப்பெண் வீணாகாது.